நிழலண்ணன் உள்ளே போன நாள்

அந்த வேன் ஓட்டுநரை எல்லோரும் நிழலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. எப்போதாவது சாலையில் கை காட்டி நிறுத்தும் போலீஸ்காரர் மட்டும் அதைப் படிப்பார். பட்டப்பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. சுற்றுலாப் பயணிகளை இறக்கிவிட்டபின் மற்ற வண்டிகளெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இவருடைய வேன் மட்டும் எங்காவது நிழலில் நிற்கும். காலையில் எந்த மரம், உச்சிவெயிலில் எந்தக் கட்டடத்தின் பின்பக்கம், சாயங்காலம் எந்த மதில் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். திரும்பி வந்து உட்காருகிறவர்களுக்கு இருக்கை சுடக்கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அவர் ஓட்டியது பெரும்பாலும் ஒரே பாதைதான். காலையில் வாசனைப் பயிர்த் தோட்டம், மதியத்துக்கு மேல் பழைய பௌத்த நகரம், இருட்டுவதற்குள் விடுதி. இத்தனை வருடத்தில் எத்தனை நாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் அந்தத் தோட்டத்தின் வாசலையோ அந்த நகரத்தின் வாசலையோ அவர் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. நம்ப முடியவில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்த சுற்றுலா ஓட்டுநர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில், பயணிகளின் பைகளை விட்டு நகரக்கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்புறம் அது பழக்கமாயிற்று. அதற்கும் அப்புறம் அதுவே ஒரு கெத்தாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கப்போகிறது, கல்லும் மண்ணும்தானே என்று சொல்லிவிட்டு, இருக்கையிலோ நிழலில் விரித்த ஓர் அட்டையிலோ சாய்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்.

உள்ளே போகாவிட்டால் என்ன, வீட்டில் பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை. திரும்பி வருகிறவர்களின் முகத்தை வைத்தே அந்த நகரத்தை அவர் எடை போட்டு வைத்திருந்தார். அரண்மனையை மட்டும் பார்த்தவர்கள் கால்வலி பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். குளத்தைப் பார்த்தவர்கள் தண்ணீர் கேட்பார்கள். ஆனால் படுத்திருக்கும் பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்தால் சாலையின் முதல் வளைவு வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. வண்டிக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்த கணவன் மனைவிகூட அந்த வளைவு வரைக்கும் பேச மாட்டார்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதை மனைவியிடம் சொல்லுவார்.

சொல்லிச் சொல்லியே அவளுக்கு ஆசையை மூட்டிவிட்டார். அவள் மருத்துவமனையின் தையல் அறையில் வேலை பார்ப்பவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போட்டுக்கொள்ளும் அங்கி எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். காலால் மிதிக்கும் இயந்திரத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில் வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. ஊரே பார்த்துவிட்டு வாயடைத்துப் போகிற அந்தச் சிலையைத் தானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவரும் கூட்டிப்போகிறேன் கூட்டிப்போகிறேன் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கு விடுமுறை என்றால் அவருக்குச் சவாரி இருக்கும். அவருக்கு ஓய்வு என்றால் வேன் வேறு யார் கையிலாவது இருக்கும். இதற்கிடையில் அவளுடைய முழங்காலைப் பார்த்த மருத்துவர், இனிமேல் படி ஏறுவதையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது, படியேறிப் போய்ப் பார்க்க வேண்டிய அந்தச் சிலைதான்.

அந்த வாரத்தில்தான், முன்பதிவு செய்திருந்த இரண்டு பயணிகள் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டார்கள். கட்டிய பணம் கட்டியதுதான், வண்டி சும்மா நிற்பதற்கு நீயே உன் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வா என்றார் முதலாளி. அவர் நல்ல மனுஷர், என்ன, வருடத்துக்கு ஒரு தடவைதான் அது வெளியே தெரியும்.

செய்தியைக் கேட்டதும் மனைவி குதித்துவிடவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேசினாள்.

"நான் உங்ககூடச் சேந்து பாக்கணும். நான் உள்ள, நீங்க வெளியன்னா எனக்கு வேண்டாம். அதுக்கு நான் எப்பவோ பஸ் பிடிச்சுப் போயிருப்பேன். நாளைக்கு நீங்க டிரைவர் இல்ல, சரியா?"

அவர் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். வண்டி ஓட்டப்போகிறவர் எப்படி ஓட்டுநராக இல்லாமல் இருக்க முடியும் என்ற சந்தேகம் வந்தது. ஆனால் கேட்கிற நேரம் அது இல்லை என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது.

காலையில் எழுந்ததும் கை தன்பாட்டுக்கு வெள்ளைச் சீருடைச் சட்டையை எடுத்தது. அவள் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்தாள். வேனுக்கு வந்ததும் அவர் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார். அவள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வழிகாட்டிகள் உட்காரும் இடம் அது. வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவருக்குத்தான், பக்கத்தில் ஒருத்தர் தன்னிடமே பேசுகிறார் என்பது பழக்கப்பட ரொம்ப நேரம் ஆயிற்று.

தோட்டம் வந்தது. அவர் வேனை நுழைவாயில் பந்தலுக்குக் கீழே கச்சிதமாக நிறுத்தி, இறங்கி ஓடி, கதவைத் திறந்தார். "பாத்து இறங்குங்க. ஒரு மணி நேரத்துல வந்துடுங்க. வண்டி இங்கதான் நிக்கும்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை 'நீ' என்றே பேசுகிற மனிதர் இப்படி மரியாதை கொடுத்ததும், தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அவர் வண்டியை நிழலில் விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டு உள்ளே நடந்தாள். கிண்டலும் இல்லை, ஒன்றும் இல்லை. மனுஷருக்குச் சுத்தமாக மறந்துபோய்விட்டது. அந்தப் பந்தலைப் பார்த்ததும் வாய் தானாக அதைச் சொல்லிற்று, கை தானாக வண்டியை நாவல் மரத்தடிக்குக் கொண்டுபோயிற்று, கால் தானாக ஓட்டுநர்களின் கொட்டகைக்குப் போயிற்று. அங்கே தோட்டத்துச் செலவில் ஓட்டுநர்களுக்குச் சாப்பாடு உண்டு. நான்கைந்து பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். தட்டு வந்தது. அரட்டையும் வந்தது.

உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அவளுக்குச் செடி செடியாகக் காட்டிக்கொண்டு போனாள். தினமும் சமையலறை டப்பாக்களில் பார்க்கிற சாமான்தான். ஆனால் செடியாக நின்றபோது அவளுக்கு ஒன்றுமே அடையாளம் தெரியவில்லை. மிளகு கொடியாக மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. ஏலக்காய் செடியின் காலடியில், தரையோடு தரையாகக் காய்த்திருந்தது. சாதிக்காய் பழம் வெடித்து, உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஒன்று தெரிந்தது. அதுதான் சாதிபத்திரி என்று அந்தப் பெண் சொன்னதும், இவ்வளவு அழகாகவா தைத்து வைத்திருக்கிறது என்று கேட்டாள். ஒவ்வொரு செடியிடமும் நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வரக் காணோம். சரி, வந்ததும் முகர்ந்து பார்க்கட்டும் என்று ஒரு பட்டை இலை, நாலு பச்சைக் கிராம்பு, சாதிபத்திரியில் ஒரு கிள்ளு என்று கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டே போனாள். சுற்றி முடித்து, முழங்காலுக்கு இரண்டு வகைத் தைலமும் தடவி, ஒரு புட்டியும் கையில் கொடுத்து அனுப்பும்வரை அவர் வரவில்லை. வண்டியில் ஏதாவது கோளாறோ, அவருக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் வெளியே வந்தாள்.

கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, பயணிகள் சொன்ன நேரத்துக்கு வருவதே இல்லை என்ற தன் நெடுநாள் புகாரை அவர் சாவகாசமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ கைக்குட்டையை மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். இலையும் கிராம்பும் சிவப்புத் துணுக்கும் கிடந்தன. "உங்களுக்குக் காட்டலாம்னு எடுத்தேன்" என்றாள். மற்ற ஓட்டுநர்கள் திடீரென்று தங்கள் தட்டுகளில் மும்முரமானார்கள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, அசடு வழிய ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். ரசம் மணத்த விரலில் வேறு என்ன வாசனை தெரியும், ஆனாலும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தார்.

வேனுக்குப் போனதும் அவள் கையை நீட்டினாள். "இனிமே நிறுத்துற எடத்துல எல்லாம் சாவி எங்கிட்ட" என்றாள். அடுத்த நிறுத்தம் வரைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள். எனக்கென்னவோ அவள்மேல் தப்பில்லை என்றுதான் படுகிறது. பெரிய தப்பு செய்தவனைக்கூட மன்னித்துவிடலாம், மறந்துபோனவனை எப்படி மன்னிப்பது?

பழைய நகரத்தின் வாசலில் அவர் சாவியைத் தானே எடுத்து அவள் பையில் போட்டார். பிறகு சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார். சாவி இல்லாமல் அவருக்கு நிற்கவே வரவில்லை. சீட்டுக் கொடுக்கிறவர் அவருக்கு நெடுநாள் பழக்கம். இரண்டு சீட்டு கேட்டதும் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இன்னொருத்தர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றார் நிழலண்ணன். சீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்.

உள்ளே செங்கல் சுவர்களும் தூண்களும் புல்வெளிக்குள் தூரம்வரை சிதறிக் கிடந்தன. ஒரு காலத்தில் பிக்குகள் தங்கிய அறைகள் இப்போது முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தன. அவள் ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்து, இங்கே கட்டில் போட்டிருப்பார்கள், இங்கே சன்னல் இருந்திருக்கும் என்று தையல் அறைக்காரியின் கண்ணால் அளந்தாள். கோபம் மெல்ல இறங்கிவிட்டது. அவர் அவளுடைய பையையும் தண்ணீர்ப் புட்டியையும் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நடந்தார். ஓர் அடிகூடப் பின்தங்கவில்லை.

படுத்திருக்கும் புத்தர் ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். குன்றின்மேல் பாறையில் வெட்டிய படிகள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பாதிவரைக்கும் வந்துவிட்டாள். அங்கே முழங்கால் மடங்கிவிட்டது. அவர் தாங்கிப் பிடித்து, படியோரத்தில் ஓர் அரசமரத்தடிக் கல்லில் உட்காரவைத்தார். தைலம் தடவினார்கள். காத்திருந்தார்கள். மறுபடி எழுந்து ஒரு படி வைத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று அவருக்கு விளங்கிற்று. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். இரண்டு பேரும் உருண்டால் எடுத்துப்போட ஆள் இல்லை என்றாள்.

"சரி, வா திரும்பிடலாம். நீ இல்லாம நான் பாக்கல."

"இவ்வளவு தூரம் வந்துட்டு ரெண்டு பேருமே பாக்காமப் போறதா? நம்ம வீட்டுல ஒருத்தராவது பாத்திருக்கணும். போயிட்டு வந்து சொல்லுங்க. மத்தவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லாதீங்க, நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினார்.

குன்றின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கியதும் பேச்சுச் சத்தம் நின்றது. பாறை முழுக்கப் புத்தர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பெரிய சிலை என்று அவர் கேள்விப்பட்டதுதான், ஊரே அளவைத்தான் சொல்லும். அவர் கண் போனது தலையணைக்கு. கல்லில் செதுக்கிய நீள் உருளைத் தலையணை. தலை வைத்த இடத்தில் அது மெத்தென்று அமுங்கியிருந்தது. கன்னம் பதிந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கங்கள். பஞ்சுத் தலையணை எப்படி அமுங்குமோ அப்படியே. வாழ்நாளெல்லாம் இருக்கையிலும் அட்டையிலும் தலையைச் சாய்த்துத் தூங்கிய மனிதர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே எதிரில் உட்கார்ந்தார். இதைச் செதுக்கினவனுக்குத் தூக்கத்தின் அருமை தெரிந்திருக்கிறது என்று தோன்றிற்று. இவள் பார்த்திருந்தால் உறையின் ஓரத்தைத் தடவிப் பார்த்திருப்பாளே என்றும் தோன்றிற்று. அதோடு மனசு கனத்துவிட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது.

கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான், சிலைக்குப் பக்கவாட்டில் இருந்த பழைய மதிலுக்குமேல் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன்மேல் சாய்ந்தமாதிரி ஒரு புளியமரம். எங்கேயோ பார்த்த மரமாக இருக்கிறதே என்று கிட்டே போனார். மதிலில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. கம்பி வழியாகப் பார்த்தார். புளியமரக் கவட்டில், மடித்துச் செருகிய ஓர் அட்டை. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை. அவருடையதுதான். மதியத்துக்கு மேல் இந்த நகரத்திலேயே நல்ல நிழல் அந்தப் பின்மதிலோரம்தான் என்று கண்டுபிடித்து, வருடக்கணக்காக அவர் அட்டையை விரித்துத் தூங்கிய இடம் அது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

படிகளில் அவர் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து வழியில் போனவர்கள் ஒதுங்கினார்கள். அவள் அரசமரத்தடியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெயில் நகர்ந்ததும் கல்லின் மறு ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள்.

"அரை மணி நேரம்னா அரை மணி நேரம். சொன்ன நேரத்துக்கு வராதவங்களப் பத்தி ஒருத்தரு வீட்டுல தினமும் புலம்புவாரு, அவரப் பாத்தீங்களா?" என்றாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

"வர்றாரா வர்றாரான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போற வர்றவங்க எல்லாரும் ஜோடி ஜோடியாப் போறாங்க. இத்தன வருஷமும் இப்படித்தான் தனியா உக்காந்திருந்தீங்களா?"

அப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையைப் பற்றிச் சொன்னார். அமுங்கிய இடத்தைத் தன் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அவள் கேட்கக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓரத்தில் மடிப்பு இருக்கிறதா, வெறும் வெட்டா என்று கேட்டாள். இவருக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"நீயே வந்து பாரு. சாவியக் குடு."

"டிரைவர் வேலை இன்னைக்கு இல்லன்னு சொன்னேன்."

"ஒரே ஒரு சவாரி. படி கிடையாது."

அவள் சந்தேகத்தோடுதான் சாவியைக் கொடுத்தாள். வாசலுக்கு மெல்ல நடத்திக் கூட்டிவந்து, வேனில் ஏற்றி, நகரத்து மதிலைச் சுற்றிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் நிறுத்தினார். புல் வெட்டுகிறவர்களுக்காக வைத்த கதவு அது. சாவி வைத்திருந்த காவலாளி, அவருடைய பிளாஸ்க் தேநீரில் நெடுநாளாகப் பங்கு வாங்கி வருகிறவர். பொதுஜனங்களை அந்த வழியாக விடக்கூடாது அண்ணே என்று தலையைச் சொறிந்தார். அப்புறம் அவளுடைய காலைப் பார்த்தார், இரண்டு பேர் கையிலும் இருந்த நுழைவுச் சீட்டைப் பார்த்தார், சீட்டு வாங்கியவர்கள் எந்த வழியாக வந்தால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூட்டைத் திறந்தார்.

சமதரை. பத்துப் பதினைந்து எட்டு வைத்ததும் புத்தரின் தலைமாட்டில் இருந்தார்கள். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்தாள், தலையணையின் சுருக்கம் ஓடிய வழியெல்லாம் கண்ணை ஓட்டினாள். அவர் பழக்கதோஷத்தில் சிலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் முகங்களைப் பார்த்தவருக்கு இந்த முகம் போதுமாயிருந்தது.

"நல்லா அமுங்கியிருக்கு. தச்சவனுக்கு நல்ல கை" என்றாள் கடைசியில். செதுக்கினவனைத் தைத்தவன் என்று அவள் சொன்னதை அவர் திருத்தவில்லை.

பிறகு அவள் திரும்பி, திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். அதற்கு அப்பால் புளியமரம், கவட்டில் அட்டை. அது என்ன என்று கேட்டாள். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். அவள் சிலையை ஒரு தடவை பார்த்தாள், அட்டையை ஒரு தடவை பார்த்தாள், இரண்டுக்கும் நடுவில் இருந்த மதிலைப் பார்த்தாள்.

"அவரு இந்தப் பக்கம் தலையணையில. நீங்க அந்தப் பக்கம் அட்டையில. ஊருக்கெல்லாம் நான்தான் தலையணை உறை தைக்கிறேன்" என்றாள். அதனால் ஒன்றும் இல்லை, அட்டையிலும் நன்றாகத்தான் தூக்கம் வரும் என்று அவர் சமாதானம் சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவைத் தாண்டி வெளியே வந்தாள். எட்டி அட்டையை உருவி, காவலாளியிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னாள். கை விரலை விரித்து அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு தடவை அளவு எடுத்துக்கொண்டாள்.

அவர் ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்தார். இந்தத் தடவை அவள் அவரைத் தடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி கிளம்பிற்று. முதல் வளைவு வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.